பெட்டியில் 12 கி.மீ., வானில் எவ்வளவு?

டிஜேஐ நிறுவனத்தின் மினி 3 ப்ரோ என்ற கேமரா ட்ரோன் 2022 மே மாதம் சந்தைக்கு வந்தது. எடை 249 கிராம். அதன் விவரப் பட்டியலில் தூரத்தோடு சம்பந்தப்பட்ட எண்கள் நான்கு. பறக்கும் நேரம் 34 நிமிடம். பறக்கும் தூரம் 18 கி.மீ. சிக்னல் எட்டும் தூரம் 12 கி.மீ. உச்ச வேகம் நொடிக்கு 16 மீட்டர். வாங்கியவர் கையில் கால்குலேட்டர் இருந்தால் முதலில் செய்வது, 34 நிமிடத்தை 16 மீட்டரால் பெருக்குவதுதான். 32.6 கி.மீ. என்று விடை வரும். அப்படி ஒரு தூரம் இந்தக் கருவிக்குக் கிடையாது. நான்கு எண்களும் உண்மை. ஆனால் நான்கும் நான்கு வெவ்வேறு நிலைமைகளில் எடுத்தவை, ஒரே பயணத்தில் சேர்ந்து வரமாட்டா.

எவ்வளவு தூரம் போகும் என்ற கேள்விக்குள் மூன்று தூரங்கள் ஒளிந்திருக்கின்றன. பேட்டரி தாங்கும் தூரம், சிக்னல் எட்டும் தூரம், கண்ணுக்குத் தெரியும் தூரம். மூன்றில் எது சிறியதோ அதுதான் உங்கள் ட்ரோனின் தூரம். அதைக் கண்டுபிடிக்கப் பத்து கி.மீ. அப்பால் அனுப்பிப் பார்க்க வேண்டியதில்லை என்பதே இந்தக் கணக்கை எழுத உட்கார்ந்த காரணம்.

பேட்டரியிலிருந்து தொடங்கலாம். அளவு 2453 மில்லி ஆம்பியர் மணி, மின்னழுத்தம் 7.38 வோல்ட். பெருக்கினால் 18.1 வாட் மணி. வீட்டில் எரியும் 9 வாட் எல்.இ.டி. பல்பு இரண்டு மணி நேரத்தில் இதைக் குடித்துவிடும். ட்ரோன் இதை எப்படிச் செலவழிக்கிறது என்பதற்கு நிறுவனமே மூன்று குறிப்புகள் தந்திருக்கிறது. அந்தரத்தில் அசையாமல் நின்றால் 30 நிமிடம். மணிக்கு 21.6 கி.மீ. வேகத்தில் பறந்தால் 34 நிமிடம். 18 கி.மீ. என்ற தூரமோ மணிக்கு 43.2 கி.மீ. வேகத்தில் அளந்தது, அந்த வேகத்தில் 18 கி.மீ. போக 25 நிமிடம் ஆகும். மூன்றுமே காற்றில்லாத சூழலில் எடுத்த கணக்கு. பேட்டரி முழுவதும் தீர்ந்தது என்று கொண்டு வகுத்துப் பார்த்தால்:

அசையாமல் நிற்க: 36.2 வாட், கடந்த தூரம் 0
மணிக்கு 21.6 கி.மீ.: 31.9 வாட், தூரம் 12.2 கி.மீ., ஒரு கி.மீ.க்கு 1.48 வாட் மணி
மணிக்கு 43.2 கி.மீ.: 43.4 வாட், தூரம் 18 கி.மீ., ஒரு கி.மீ.க்கு 1.01 வாட் மணி

சும்மா நிற்பதைவிட மெதுவாகப் போவதற்குச் செலவு குறைவு என்பது பலருக்கு வியப்பாக இருக்கும். முன்னோக்கிப் போகும்போது இறக்கைகளுக்குப் புதிய காற்று தொடர்ந்து கிடைக்கிறது. நின்ற இடத்தில் நிற்கும்போது தானே கீழே தள்ளிய காற்றோடு மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. ஹெலிகாப்டருக்கும் இதே கதைதான். ஆனால் தூரப் பரிசோதனைக்கு முக்கியமானது கடைசி வரி. வேகத்தை இரட்டிப்பாக்கினால் மின்செலவு 36 விழுக்காடு கூடுகிறது, தூரம் 47 விழுக்காடு கூடுகிறது. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன் என்று தூரப் பயணத்தில் ஊர்ந்து போகிறவர் உண்மையில் அதை வீணாக்குகிறார்.

அதற்காக 18 கி.மீ. முழுவதும் கைக்கு வந்துவிடாது. அது ஒருவழிப் பயணம். போன இடத்திலேயே விழுந்துவிடுகிற பயணம். திரும்பி வர வேண்டுமென்றால் கணக்கை நொடிகளில் போட வேண்டும். 25 நிமிடம் என்பது 1500 நொடி. கால் பங்கை, அதாவது 375 நொடியை, தொடக்கூடாத கையிருப்பாக ஒதுக்கி வைப்போம். 120 மீட்டர் உயரத்துக்கு ஏற, சாதாரண முறையில் நொடிக்கு 3 மீட்டர் என்றால் 40 நொடி. இறங்க இன்னொரு 40. (249 கிராமை 120 மீட்டர் தூக்குவதற்கு இயற்பியல் கேட்கும் ஆற்றல் 0.08 வாட் மணிதான். ஏறுகிற நேரமெல்லாம் காற்றில் தாங்கி நிற்க வேண்டியிருப்பதுதான் பெரிய செலவு.) மீதி 1045 நொடி. நொடிக்கு 12 மீட்டர் வீதம் 12.54 கி.மீ. அதில் பாதி 6.27 கி.மீ. பெட்டியில் 18 என்று இருந்தது, காற்று வீசாத நாளில் போய்த் திரும்ப 6.27 ஆகிவிட்டது. பேட்டரி பழசாகி பத்து விழுக்காடு தேய்ந்திருந்தால் இன்னும் குறையும்.

காற்று வீசாத நாள் எங்கே கிடைக்கிறது? போகும்போது முதுகில் தள்ளும் காற்று திரும்பும்போது முகத்தில் அடிக்கும், இரண்டும் சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை உண்டு. அது தவறு. எதிர்க்காற்றில் ஊர்ந்து வரும் நேரம், பின்காற்றில் மிச்சமான நேரத்தைவிட எப்போதும் அதிகம். ட்ரோனின் வேகத்தின் வர்க்கத்திலிருந்து காற்று வேகத்தின் வர்க்கத்தைக் கழித்து, நேரத்தால் பெருக்கி, ட்ரோன் வேகத்தின் இரு மடங்கால் வகுத்தால் திரும்பி வரக்கூடிய தூரம் கிடைக்கும். அதே 1045 நொடிக்கு:

காற்று நொடிக்கு 0 மீ.: 6.27 கி.மீ.
3 மீ.: 5.88 கி.மீ.
5 மீ.: 5.18 கி.மீ.
8 மீ.: 3.48 கி.மீ.
10 மீ.: 1.92 கி.மீ.
10.7 மீ.: 1.28 கி.மீ.

கடைசியில் இருக்கும் 10.7 என்பது இந்த ட்ரோன் தாங்கும் என்று நிறுவனம் சொல்லும் உச்சக் காற்று. தாங்கும் என்றால் கவிழாமல் பறக்கும் என்று பொருள். வீடு வந்து சேரும் என்று பொருளல்ல.

பட்டியலில் கவனிக்க வேண்டியது சரிவின் வடிவம். 0-லிருந்து 3-க்கு வரும்போது 390 மீட்டர்தான் நஷ்டம். 8-லிருந்து 10-க்குப் போகும்போது ஒன்றரை கி.மீ.க்கு மேல் நஷ்டம். இலேசான காற்றில் பழகிய கைக்கு இந்த வேறுபாடு முன்கூட்டித் தெரியாது. போதாததற்கு, வானிலை அறிக்கையில் வரும் காற்று வேகம் தரையிலிருந்து 10 மீட்டர் உயரத்தில் அளந்தது. திறந்த வெளியில் உயரத்தோடு காற்று எப்படிக் கூடும் என்பதற்குப் பொறியாளர்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் ஏழில் ஒரு பங்கு அடுக்கு விதிப்படி, 120 மீட்டரில் அது சுமார் 1.43 மடங்கு. அறிக்கையில் 5 என்றால் மேலே 7.1. தூரம் 5.18-லிருந்து 4.06 கி.மீ.க்கு இறங்கிவிடும்.

ட்ரோன்கள் தொலைவதற்கு இன்னொரு கணக்கும் காரணம். பாதி பேட்டரி தீர்ந்ததும் திரும்பிவிட வேண்டும் என்பது பலர் கைக்கொள்ளும் வழக்கம். நொடிக்கு 8 மீட்டர் காற்று முதுகில் தள்ளும் நாளில் இதைப் பின்பற்றிப் பார்ப்போம். தரைமேல் வேகம் 20 மீட்டர். பயன்படுத்தக்கூடிய நேரத்தில் பாதியான 522 நொடியில் ட்ரோன் 10.4 கி.மீ. போய்விடும். திரையில் படம் தெளிவாக இருக்கும், சிக்னல் இருக்கும், மனதும் குளிர்ந்திருக்கும். திரும்பினால் தரைமேல் வேகம் 4 மீட்டர். வீட்டுக்கு வர 2610 நொடி, அதாவது 43.5 நிமிடம் தேவை. மிச்சமிருக்கும் 522 நொடியோடு கையிருப்பான 375 நொடியையும் சுரண்டினாலும் 3.6 கி.மீ.தான் வரும். மீதி 6.8 கி.மீ. நடந்தோ நீந்தியோ போய்த் தேட வேண்டும். அந்த நாளில் பின்காற்றோடு கிளம்பியவர் திரும்பியிருக்க வேண்டியது 174-ஆவது நொடியில். பயன்படுத்தக்கூடிய நேரத்தில் ஆறில் ஒரு பங்கு முடிந்த கையோடு. எதிர்க்காற்றில் கிளம்பியிருந்தால் 522-ஆவது நொடியில் 2.1 கி.மீ.தான் போயிருப்பார், 104 நொடியில் வீடு. போகும்போது எதிர்க்காற்று, வரும்போது பின்காற்று என்று திசையைத் தேர்ந்துகொண்டால் தூரம் கூடாது, ஆனால் பிழை பொறுக்கும்.

இனி சிக்னல். இந்தக் குடும்பத்தின் நான்கு ட்ரோன்களை வரிசையாக வைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் புலப்படும். முதல் எண் அமெரிக்க வானொலி விதிப்படி எட்டும் தூரம், அடுத்தது ஐரோப்பிய விதிப்படி, மூன்றாவது பறக்கும் நேரம்.

2019, மேவிக் மினி: 4 கி.மீ., 2 கி.மீ., 30 நிமிடம்
2020, மினி 2: 10 கி.மீ., 6 கி.மீ., 31 நிமிடம்
2022, மினி 3 ப்ரோ: 12 கி.மீ., 8 கி.மீ., 34 நிமிடம்
2023, மினி 4 ப்ரோ: 20 கி.மீ., 10 கி.மீ., 34 நிமிடம்

நான்கே ஆண்டில் சிக்னல் ஐந்து மடங்கு நீண்டது. பேட்டரி நீண்டது நான்கு நிமிடம். மினி 4 ப்ரோவின் வழக்கமான பேட்டரிக்குப் பறக்கும் தூரம் 18 கி.மீ.தான். சிக்னலோ 20 கி.மீ. ட்ரோன் ஒருவழிப் பயணமாகப் போய் விழக்கூடிய தூரத்தையும் தாண்டி இரண்டு கி.மீ.க்குச் சிக்னல் காத்திருக்கிறது. எதற்கு என்று கேட்கத் தோன்றும். விளம்பரத்துக்கு என்பது பாதிப் பதில். மற்றப் பாதி: திறந்தவெளியில் 20 கி.மீ. எட்டும் இணைப்பு, வைஃபை நெரிசலும் சுவர்களும் மண்டிய ஊருக்குள் 2 கி.மீ. தூரத்தில் அறுந்துபோகாமல் இருக்கும். பெரிய எண்ணின் பலன் சிறிய தூரத்தில்தான்.

இது ஊகமல்ல, மினி 3 ப்ரோவின் விவரப் பட்டியலே இதைச் சொல்கிறது. நகர மையத்தில் 1.5 முதல் 3 கி.மீ., புறநகரில் 3 முதல் 7, வயல்வெளியிலும் கடற்கரையிலும் 7 முதல் 12. பெட்டிமேல் கொட்டை எழுத்தில் வருவது கடைசி எண்ணின் கடைசி முனை.

அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் ஏன் இந்த வேறுபாடு என்பதையும் எண்ணாகவே பார்க்கலாம். 2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்த ட்ரோனுக்கு அமெரிக்க விதியில் 26 டெசிபெல்-மில்லிவாட், ஐரோப்பிய விதியில் 20. அதாவது சுமார் 400 மில்லிவாட்டும் 100 மில்லிவாட்டும். 5.8 ஜிகாஹெர்ட்ஸில் ஐரோப்பா இன்னும் கறார், 14. வெறும் 25 மில்லிவாட். தடையற்ற வெளியில் தூரம் இரட்டித்தால் சிக்னல் 6 டெசிபெல் தேயும். ஆக 6 டெசிபெல் குறைவு என்றால் தூரம் பாதியாக வேண்டும், 12 என்பது 6 ஆக வேண்டும். பட்டியலில் 8 என்றிருக்கிறது. பாடப்புத்தகம் சொன்னதைவிடக் கொஞ்சம் தாராளம்.

2.4 ஜிகாஹெர்ட்ஸ் அலை 1 கி.மீ. கடக்கும்போது இழப்பது 100 டெசிபெல் என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம், கணக்கு வசதியாகத் துல்லியமாகவே அப்படி அமைந்திருக்கிறது. 10 கி.மீ.க்கு 120. 12 கி.மீ.க்கு 121.6. கிளம்பும்போது 0.4 வாட், 12 கி.மீ. தாண்டி ஒரு சாதாரண ஆன்டெனாவில் விழும்போது ஒரு வாட்டின் லட்சம் கோடியில் ஒரு பங்குகூட இல்லை, அதிலும் கால்வாசிக்குச் சற்று மேல். அதிலிருந்துதான் ஓடும் படம் உங்கள் திரைக்கு வந்து சேர்கிறது.

இவ்வளவு மெலிந்த சிக்னலைக் கெடுக்கப் பெரிய மலை வேண்டாம். ரிமோட் உங்கள் கையில், தரையிலிருந்து ஒன்றரை மீட்டரில். ட்ரோன் 12 கி.மீ. தள்ளி 120 மீட்டரில். இரண்டையும் இணைக்கும் நேர்க்கோடு உங்களிடமிருந்து 1 கி.மீ. தூரத்தில் எவ்வளவு உயரத்தில் போகிறது? 11.4 மீட்டர். மூன்று மாடி வீட்டின் மொட்டைமாடி உயரம். வானொலி அலை மெல்லிய கோடாகப் போவதில்லை. அந்த இடத்தில் அதற்குச் சுற்றிலும் 10.7 மீட்டர் ஆரத்துக்குத் தடையற்ற இடம் வேண்டும், அதில் அறுபது விழுக்காடாவது. தோப்பு ஒன்று குறுக்கே நின்றால் போதும், 12 கி.மீ. கனவு முடிந்தது. தூரப் பரிசோதனை செய்கிறவர்கள் கடலையும் உப்பளத்தையும் தேடிப் போவதற்குக் காரணம் இதுதான். கடலில் விழுந்த ட்ரோன் கிடைக்காது என்பது அந்தத் தேர்வின் விலை.

மூன்றாவது தூரம் கண். மினி 3 ப்ரோ விரிந்த நிலையில் இறக்கைகளோடு அதிகபட்சம் 362 மில்லிமீட்டர், ஒரு அடிக்குச் சற்று மேல். ஜெர்மனியின் விமானப் போக்குவரத்து ஆணையம் ஒரு எளிய சூத்திரம் வைத்திருக்கிறது: பலவிறக்கை ட்ரோனின் பெரிய அளவை மீட்டரில் எடுத்து 327-ஆல் பெருக்கி 20 கூட்டினால், அது எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று வெறுங்கண்ணால் புரிந்துகொள்ளக்கூடிய தூரம் வரும். 0.362-க்கு விடை 138 மீட்டர். ஒரு புள்ளியாகத் தெரிவது இன்னும் கொஞ்ச தூரம் நீளலாம். ஆனால் மூக்கு எது வால் எது என்று தெரியாத புள்ளியைக் கண்ணால் பார்த்து ஓட்ட முடியாது.

அமெரிக்கச் சட்டப்படி பொழுதுபோக்காகப் பறக்கவிடுபவரோ அருகில் நிற்கும் துணையாளரோ ட்ரோனைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும். உயர வரம்பு 400 அடி. 2024-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு ஒரு மீறலுக்கு அபராத உச்சவரம்பு 75,000 டாலர். ஐரோப்பாவின் திறந்த பிரிவிலும் கண்பார்வை, 120 மீட்டர் என்ற இரண்டும் உண்டு. ஆகப் பெட்டியில் 12 கி.மீ., 8 கி.மீ. என்று அச்சடித்த நாடுகளிலேயே பொழுதுபோக்காளருக்குச் சட்டப்படி கிடைக்கும் தூரம் சில நூறு மீட்டர். இந்தியாவில் இந்த ட்ரோனின் கதை வேறு மாதிரி. 2022 பிப்ரவரி 9 அன்று, ஆராய்ச்சி, பாதுகாப்பு போன்ற தேவைகள் நீங்கலாக, வெளிநாட்டு ட்ரோன் இறக்குமதிக்கு மத்திய அரசு தடை போட்டது. மினி 3 ப்ரோ பிறந்தது அதற்கு மூன்று மாதம் கழித்து. ஏற்கெனவே வேறு ட்ரோன் வைத்திருப்பவர்களுக்கு 2021-ஆம் ஆண்டின் ட்ரோன் விதிகள்: பச்சை மண்டலத்தில் 120 மீட்டர் உயரம்வரை, விமான நிலையச் சுற்றெல்லையிலிருந்து 8 முதல் 12 கி.மீ.க்குள் 60 மீட்டர்வரை. மீறினால் ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம்.

138 மீட்டருக்குள் நின்றுகொண்டு 18 கி.மீ.யைச் சோதிக்க முடியுமா? முடியும். வெட்டவெளியின் நடுவில் நின்று, 30 மீட்டர் உயரத்தில், 100 மீட்டர் ஆரத்தில் ட்ரோனைச் சுற்றவிடுங்கள். உங்களிடமிருந்து அது எப்போதும் 104 மீட்டர் தூரத்தில் இருக்கும். ஒரு சுற்று 628 மீட்டர். கையிருப்பைத் தொடாமல் 13.5 கி.மீ. என்பது இருபத்தொன்றரைச் சுற்று. நொடிக்கு 12 மீட்டரில் ஒரு சுற்றுக்கு 52 நொடி. வளைந்து பறப்பதால் கூடுதல் செலவாகாதா என்றால், இந்த ஆரத்துக்கு இறக்கைகள் தர வேண்டிய கூடுதல் உந்துவிசை ஒரு விழுக்காடுதான், மறந்துவிடலாம். ஒவ்வொரு சுற்றிலும் எதிர்க்காற்றும் பின்காற்றும் மாறி மாறி வருவதால் அன்றைய காற்றுக்கான கணக்கும் தானாகவே சேர்ந்துவிடும். ஒவ்வொரு ஐந்து சுற்றுக்கும் பேட்டரி விழுக்காட்டைக் குறித்துக்கொண்டால், உங்கள் பேட்டரி ஒரு கி.மீ.க்கு எத்தனை விழுக்காடு தின்கிறது என்று வந்துவிடும். காற்றில்லாமல் அது 5.6 அளவில் இருந்தால் நிறுவனம் சொன்னது சரி.

சிக்னலைச் சோதிக்க ட்ரோன் பறக்கவே வேண்டாம். உயரமான மாடியிலோ குன்றிலோ இறக்கைகளைக் கழற்றி வைத்து, ஆளைக் காவலுக்கு நிறுத்தி, ரிமோட்டோடு நீங்கள் வண்டியில் விலகிப் போகலாம். அலைக்கு யார் நகர்ந்தார்கள் என்று தெரியாது. ஒரு எச்சரிக்கை: இறக்கைக் காற்று இல்லாமல் நிற்கும்போது கருவி சூடேறும், ஆகையால் நிழலும் குறைந்த நேரமும் நல்லது.

செலவுக்கு வருவோம். வெளியானபோது ரிமோட்டோடு சேர்த்து விலை 759 டாலர். ஒருமுறை சார்ஜ் ஏற்ற, விரயத்தையும் சேர்த்து 22 வாட் மணி. யூனிட் 8 ரூபாய் என்று வைத்தால் 18 காசு. 65 டாலர் பேட்டரி 200 முறை தாங்கும் என்று வைத்தால் தேய்மானம் முறைக்கு 32 சென்ட். தொலைதூரப் பயணத்தில் நூற்றுக்கு இரண்டு முறை ட்ரோன் திரும்பாது என்று வைத்தால், ரிமோட் கையில் மிஞ்சும் என்பதால் ட்ரோனின் 669 டாலரை மட்டும் எடுத்தாலும், ஒவ்வொரு பயணத்தின் தலையிலும் 13.4 டாலர் ஏறுகிறது. மின்சாரம், தேய்மானம் இரண்டையும் கூட்டியதைப் போல நாற்பது மடங்கு. வட்டமடித்துச் சோதிப்பதில் இந்த வரி அநேகமாக இல்லை.

தூரம் போதவில்லை என்பவர்களுக்கு நிறுவனம் பெரிய பேட்டரியும் விற்கிறது. 28.4 வாட் மணி, வெளியானபோது விலை 30 டாலர் கூடுதல், பறக்கும் தூரம் 25 கி.மீ. ஆற்றல் 57 விழுக்காடு கூடியது, தூரம் 39 விழுக்காடுதான் கூடியது. வித்தியாசத்தைத் தின்றது பேட்டரியின் கூடுதல் எடை, 40 கிராம். காற்றில்லாத நாளில் போய்த் திரும்பும் தூரம் 6.27-லிருந்து 8.9 கி.மீ. ஆகும். மொத்த எடை சுமார் 290 கிராம் ஆகிவிடுவதால் 250 கிராமுக்குக் கீழுள்ள ட்ரோன்களுக்கான சலுகை போய்விடும்: அமெரிக்காவில் பொழுதுபோக்குக்கும் பதிவு வேண்டும், மூன்று ஆண்டுக்கு 5 டாலர், இந்திய விதியில் நானோ வகுப்பிலிருந்து மைக்ரோ வகுப்புக்கு ஏறிவிடும். கண்ணுக்குத் தெரியும் தூரம் அதே 138 மீட்டர்.